கப்பல் சாப்பாடும் என் வேண்டுதலும்

மானம் கப்பலேறியது என்பார்களே, என் விஷயத்தில் நான் ஏறுவதற்கு முன்பே அது ஏறிவிட்டது. பினாங்குத் துறையில் பெட்டிகளைச் சோதிக்கும் இடத்தில் என் பெட்டியை மட்டும் தனியாக எடுத்து வைத்துத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு பஞ்சாபி உடைகளுக்கு நடுவே துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த குட்டி ரைஸ் குக்கரைப் பாதுகாப்பு அதிகாரி இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். சூடாகும் சாமான் எதையும் அறைக்குக் கொண்டுபோகக் கூடாதாம். ரசீது தருகிறோம், திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஏற்கெனவே நாலு குக்கர், இரண்டு கெட்டில், ஓர் இஸ்திரிப் பெட்டி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஊரே என்னை மாதிரிதான் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் கணவர் மட்டும் நாலடி தள்ளி நின்று, இந்தப் பொம்பளை யாரோ என்பது போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குக்கர் அவருக்காகத்தான். நாலு வருஷமாக அவருக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு பேருக்குத்தான். காய்கறியை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். தேங்காய்ப்பால், வாழைப்பழம், கருவாடு, இறால், தக்காளி எதுவும் ஆகாது. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர் இரண்டு சின்ன பாட்டிலைத் தாண்டக் கூடாது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கப்பல் சமையல்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்பது என் எண்ணம்.

பயணம் எங்கள் மகள் கொடுத்த பரிசு. அவள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பினாங்கில் ஏறி, புக்கெட் போய், திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடும் கப்பல். வெள்ளி காலை டயாலிசிஸ் முடித்துக்கொண்டு ஏறினால் திங்கள் மதியம் அடுத்ததற்குப் போய்ச் சேரலாம். எப்படியும் சனி, ஞாயிறு அவருக்கு மெஷின் கிடையாது, வீட்டில் இருந்தால் என்ன, கடலில் இருந்தால் என்ன என்று டயாலிசிஸ் மையத்துத் தாதி சொன்னார். டாக்டரும் கடிதம் கொடுத்தார்.

ஆனால் மகள் என்னிடம் தனியாகச் சொன்ன காரணம் வேறு. என் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் ரத்தம், ஸ்கேன், மனநல டாக்டர் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி எல்லாவற்றிலும் நான் பாஸ். சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. இவர் வேண்டாம் என்கிறார். லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவர், கேட்டால் அந்தப் பாஷையில்தான் பதில் சொல்வார். ஓடுகிற வண்டியில் இருந்து பார்ட்ஸ் கழற்றக் கூடாது என்பார். அதற்குமேல் பேச விடமாட்டார். வருகிற வியாழக்கிழமை டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும். மூன்று நாள் ஒரே அறையில் இருக்கப் போகிறீர்கள், அப்பா எங்கேயும் ஓட முடியாது, பேசி முடித்துவிடுங்கள் என்றாள் மகள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முதன்முதலாக அவரை மெஷினில் போட்ட வாரம், தண்ணிமலை முருகன் கோயிலுக்குத் தனியாகப் படியேறிப் போய் ஒரு வேண்டுதல் வைத்தேன். இவர் மெஷினை விட்டு இறங்கும்வரை இவருக்கு ஆகாத எதுவும் என் வாயில் படாது என்று. தண்ணீரை மட்டும் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பக்தி கிடையாது. புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை, மதியம் கேண்டீனில் எல்லாரும் மீன்தலைக் கறி சாப்பிடும்போது நான் டிபன் டப்பாவைத் திறந்து சப்பென்ற கோபிஸ், அதான் முட்டைக்கோஸ், தின்பேன். வீட்டில் ஒரே சட்டியில் சமைப்பதால் அவர் சந்தேகப்படவில்லை. கேண்டீனில் நல்லா வெட்டியிருப்பே என்று சாயங்காலம் கேலிகூடச் செய்வார். நான் சிரித்து வைப்பேன்.

கப்பல் நிஜமாகவே பெரியது. ஏழாவது மாடி, பத்தாவது மாடி என்று எங்கள் அடுக்குமாடியை யாரோ தண்ணீரில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. இங்கே லிப்ட் வேலை செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கதவு திறக்க, சாப்பிட, இறங்க, ஏற எல்லாவற்றுக்கும் அதுதான். கிளம்புவதற்கு முன் எல்லாரையும் கூட்டி மிதவைச் சட்டை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். விசில் ஊதிக் காட்டிய பெண்ணைப் பார்த்துக்கொண்டே என் கணவர் என் காதில், எனக்குத் தண்ணி ஆகாதுன்னு இந்தப் பிள்ளைகிட்டச் சொன்னியா என்றார். அவர் அப்படித்தான். சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடுவார்.

மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் ரொட்டி மலை, ஒரு பக்கம் சூப், ஒரு பக்கம் சாக்லேட் ஊற்றாக வழிகிறது. நம் பினாங்குக்காரர்கள் வந்ததும் வராததுமாக மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். கப்பலில் போட்ட லக்சா நூடுல்ஸை ஒரு வாய் வைத்துவிட்டு, இதெல்லாம் லக்சாவா என்று பக்கத்து மேசைச் சீன அக்கா முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே இரண்டாவது கிண்ணத்துக்கும் போனார். அங்கே இருந்ததில் முக்கால்வாசி என் கணவருக்கு ஆகாதது. ஐஸ்கிரீம்கூடத் தண்ணீர்க் கணக்கில் சேரும். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாக எட்டிப் பார்த்து, வாசம் பிடித்து, நகர்ந்துகொண்டே இருந்தார். இந்த மனுஷனை இங்கே கூட்டிவந்து என்ன காரியம் செய்தேன் என்று மகள்மேல் கோபம் வந்தது.

இரவுச் சாப்பாடு கீழ்த்தளத்தில், உட்காரவைத்துப் பரிமாறுகிற கூடத்தில். மூன்று நாளும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். எங்களுக்கு வாய்த்தவர் தூத்துக்குடிக்காரர், நாற்பது தாண்டியவர், தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நான் டாக்டர் கடிதத்தை நீட்டி, எது ஆகும் எது ஆகாது என்று பத்து நிமிஷம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நான் கவலைப்பட்டதற்கு அர்த்தமே இல்லை. வேகவைத்து வடித்த கோபிஸ், கேரட், உப்பில்லாத கோழி, வெள்ளைச் சோறு என்று சுத்தமாக வந்தது. எனக்கும் அதையே கொண்டுவரச் சொன்னேன். இரண்டாவது தட்டை என் முன்னால் வைக்கும்போது அவர் தயங்கி என் கணவரைப் பார்த்தார்.

"அம்மாவுக்கும் டயாலிசிஸ்ங்களா சார்?"

நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். இல்லை, எனக்கு ஒன்றுமில்லை, காரம் ஒத்துக்காது என்று நான் அவசரமாகச் சமாளித்தேன். என் கணவர் என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷம் இஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடித்த ஆள் என்று பட்டறையில் இவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறைக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, தொழிற்சாலையில் மதியம் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். வீட்டில் இருந்து கொண்டுபோவதுதான் என்றேன். எத்தனை நாளாக என்றார். பொய் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. முருகனிடம் வைத்த வேண்டுதலைச் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவார், கண் கலங்குவார் என்றுகூட உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவர் முகம் கறுத்தது.

"என்னைக் கேட்டியா?"

"சாமிகிட்ட வேண்டுறதுக்கு உங்களைக் கேக்கணுமா?"

"என் சீக்கை வச்சுத்தானே வேண்டுன. கேக்கணும் லா."

நாலு வருஷம் வாயைக் கட்டியவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை புக்கெட். கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நின்றது, சின்னப் படகுகளில் ஆட்களை ஏற்றிக் கரைக்கு விட்டார்கள். அதற்கு எண் போட்ட ஸ்டிக்கர், அந்த எண்ணுக்கு ஒரு வரிசை. வெயிலில் நின்றால் அவருக்குத் தாகம் எடுக்கும் என்பதால் நாங்கள் இறங்கவில்லை. எல்லாரும் போனபின் மேல்தளம் காலியாகக் கிடந்தது. அவர் ஒரே ஓர் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கரைந்து முடியும்வரை பேசமாட்டார் என்று தெரியும். காத்திருந்தேன்.

"உன்னோட கிட்னியை வாங்குறதுக்கு எனக்குப் பயம் இல்ல," என்றார் கடைசியில். "உன்னை நம்பத்தான் பயமா இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தெரியாம நாலு வருஷம் வாயைக் கட்டியிருக்க. வெட்டி எடுத்தப்புறம் உனக்கு வலிச்சா சொல்லுவியா? சொல்ல மாட்டே. ஒண்ணும் இல்லைங்கன்னு சிரிச்சிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போவ. நீ நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். இந்தக் கேண்டீன் கதை மாதிரி."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். அப்படியானால் நான் என்னதான் செய்யட்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. சாப்பிடு, நான் பார்க்கணும் என்றார்.

சொல்வது சுலபம். வேண்டுதலை மீறுவது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் அம்மா ஒரு தைப்பூசத்துக்கு நேர்ந்ததைச் செய்யாமல் விட்டு, அந்த வருஷம் முழுக்க வீட்டில் ஒரு தும்மல் வந்தாலும் அதுதான் காரணம் என்று அழுதவர். நான் ஓர் இறாலைத் தின்று, திங்கட்கிழமைக்குள் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கப்பலில் மெஷினும் கிடையாது.

சாயங்காலம் அரங்கத்துக்குப் போனோம். ஒரு மந்திரவாதி ஒரு பெண்ணைப் பெட்டியில் படுக்கவைத்து மூன்றாக அறுத்தான். தலை ஒரு பக்கம் சிரித்தது, கால் ஒரு பக்கம் ஆடியது. வேறு வித்தையே கிடைக்கவில்லையா இவனுக்கு என்று நான் நெளிந்தேன். கடைசியில் அவள் முழுசாக எழுந்து வந்து கைகாட்டியதும், பார்த்தீர்களா என்று இவரை இடித்தேன். அது வித்தை, டாக்டருக்கு வித்தை தெரியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடல். கீழே பிங்கோ விளையாட்டு, மேலே ஆட்டம், தண்ணீர்ச் சறுக்கில் பிள்ளைகளின் கூச்சல். நான் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருகனோடு சண்டை போட்டேன். முதலில் கெஞ்சினேன், பிறகு கணக்குக் கேட்டேன். நாலு வருஷம் நான் என் வாக்கைக் காப்பாற்றினேனே, நீ என்ன செய்தாய் என்றேன். எட்டு மாதச் சோதனையில் ஒன்றுகூடத் தவறாமல் பொருந்தியது அவன் செய்ததுதானோ என்று பிறகு தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது, அதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். கேண்டீனில் தோழிகள் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைக்க வரும்போது வேண்டாம் என்று கையை மறைப்பேனே, அந்த நிமிஷம் எனக்கு உள்ளே இனித்தது. இவருக்கு ஊசி குத்தும்போது நான் பக்கத்தில் சும்மா நிற்கிறேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கோபிஸ் தின்பது ஒன்றுதான் நான் செய்கிற காரியமாக இருந்தது. அதை விட்டுவிட்டால் நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவள்தான். எனக்காகத்தான் இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறேன், பெயர் மட்டும் இவருக்கு.

கடைசி இரவுச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் வரிசையாக ஆடிக்கொண்டு வந்தார்கள். ஜனங்கள் கைக்குட்டைத் துணியைத் தலைக்குமேல் சுழற்றினார்கள். அந்தச் சத்தத்தில் எங்கள் தூத்துக்குடிக்காரரைக் கூப்பிட்டு, எனக்கு இறால் சம்பல், தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பு, பொரித்த நெத்திலி மூன்றும் வேண்டும் என்றேன். காரம் ஒத்துக்காதேம்மா என்றார். இன்றைக்கு ஒத்துக்கும் என்றேன். என் கணவர் தலையைத் தூக்கவில்லை.

தட்டு வந்தது. முருகா, கோபம் என்றால் என்மேல் காட்டு, இவர்மேல் காட்டாதே என்று சொல்லிக்கொண்டு முதல் வாயை வைத்தேன். வைத்துவிட்டு உடனே அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் பாட்டுக்குக் கேரட்டை மென்றுகொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாய். நாக்கு சுருக்கென்றது, காது சூடானது, கண்ணில் இருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. காரம் என்று நினைத்துத் தூத்துக்குடிக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். காரமும்தான், ஆனால் அதுமட்டும் இல்லை. எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இறாலின் வால்வரை உறிஞ்சினேன். குழம்பில் சோற்றைப் பிசைந்து, கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் தின்றேன். அவர் தன் தட்டை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறால் எப்படி?" என்றார்.

"உப்பு கம்மி."

அவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, மேசை குலுங்க, மூச்சு வாங்கும் வரை சிரித்தார். நாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. ஆனால் வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவையும் தின்ன வைத்துவிட்டு வாயைத் திறக்கிறாரா பார் என்று எனக்கு மறுபடியும் எரிச்சல். நானாகக் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாகப் படுத்துக்கொண்டேன்.

திங்கள் காலையில் பெட்டிகளுக்குக் கட்டிய சீட்டின் நிறப்படி எங்களை இறக்கினார்கள். நீலம் முதலில், மஞ்சள் பிறகு, எங்கள் சிவப்பு கடைசி. டாக்டர் கடிதத்தைக் காட்டிய பிறகு முன்னால் விட்டார்கள். குக்கரை வாங்கிக்கொண்டு வாடகைக் கார் பிடித்து நேராக டயாலிசிஸ் மையத்துக்குப் போனோம். அங்கே முதல் வேலை எடை பார்ப்பது. உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அவர் தராசில் ஏறி நின்றபோது நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணில்தான் முருகன் தன் பதிலை எழுதியிருப்பான் என்று நம்பினேன். வழக்கமான வாரக்கடைசியைவிடக் குறைவு. கப்பலில் போயா இவ்வளவு கட்டுப்பாடு என்று தாதி அவரைப் பாராட்டினார். ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்ததும், போய்ச் சாப்பிட்டு வா என்றார். லீவு எடுத்து வரும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் கடிக்கிற நான், அன்றைக்கு எழுந்து எதிர்ச்சாரி நூடுல்ஸ் கடைக்குப் போனேன். அரை மணி கழித்துத் திரும்பினேன்.

"என்ன சாப்பிட்ட?"

"மீ கோரெங். முட்டை போட்டு. அப்புறம் குடிக்க ஒரு தே தாரேக்."

"நல்லா இருந்துச்சா?"

"எண்ணெய் ஜாஸ்தி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வியாழக்கிழமை போய் சரின்னு சொல்லிடலாம்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஆனா முருகன்கிட்ட ஒரு வாக்குக் குடுத்தே இல்ல? எனக்கு ஒண்ணு குடு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். மறைக்கக் கூடாது."

சொல்கிறேன் என்றேன். அது போதாது என்பது போல அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு மாசமா முட்டி வலிக்குதுங்க," என்றேன். "படி ஏற முடியல. உங்ககிட்டச் சொல்லல."

அவர் ஊசி இல்லாத கையை நீட்டினார்.

"எந்தக் கால்?" என்று கேட்டார்.